வெள்ளிக்கிழமை விலை

அவர் போட்ட கணக்கு தப்பிப்போனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி கிடைக்கும். சரியாக வந்தால் கிடைக்காது. நான் மாற்றிச் சொல்லவில்லை, அப்படித்தான். தப்பின அன்று கடற்கரையிலிருந்து குடையை வீசிக்கொண்டு வருவார். படியேறும்போதே சிரிப்பு கேட்கும். "தப்பு! சுத்தமா தப்பு! ஆறு காபி சொல்லுங்க" என்று பியூனிடம் காசை நீட்டுவார். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே வேலையில் இருந்த பியூன், "விய், முசியே" என்று பிரெஞ்சிலேயே 'சரிங்க ஐயா' சொல்லிப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், "இந்த ஆளு பரீட்சையில தோத்தா வூட்ல பாயசம் வெப்பாங்க போலருக்கு" என்பார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரிடம் கணக்குப் படித்தவர்கள் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். பெயரைப் போட்டால், நீ சொன்னது பாதிதான் என்று சண்டைக்கு வருவார்கள்.

ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய நாற்காலிகள் போகவில்லை. எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் பாதி நாற்காலியில் பழைய ஆட்கள், பாதியில் மெட்ராசிலிருந்து வந்தவர்கள். நான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சை வரை படித்தவள். பிரெஞ்சு டைப் மிஷினில் பழகிய விரலை இங்கிலீஷ் மிஷினுக்குத் திருப்ப நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. உப்பளத்தை ஒட்டிய மீனவக் குப்பத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவர் மெட்ராசில் கணக்கும் பொருளாதாரமும் படித்துவிட்டு வந்தவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பொருள்களின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, அடுத்த வாரம் என்ன ஆகும் என்று இந்த வாரமே சொல்வதுதான் அவர் வேலை. மற்றவர்கள் அரிசி, துணி என்று கௌரவமான சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். இவர் மீனை எடுத்துக்கொண்டார். ஏன் சார் மீன் என்று கேட்டேன்.

"அரிசியைப் பதுக்கலாம், துணியைப் பதுக்கலாம். மீனைப் பதுக்க முடியுமா? அன்னைக்கு வந்தது அன்னைக்கே வித்தாகணும். அதனால மீன் பொய் சொல்லாதும்மா."

வாரத்தில் வெள்ளிக்கிழமை அவருடைய நாள். அன்று காலையில் குடையோடு எங்கள் குப்பத்துக் கடற்கரையில் வந்து நிற்பார். கட்டுமரங்கள் வந்ததும் சங்கரா மீன் கூடைகளை வரிசையாக வைத்து ஏலம் நடக்கும். ஏலம் கூறுவது என் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் குரல் எடுத்தால் அலைகூடக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும் என்பார்கள். எல்லாக் கூடையையும் எழுத நேரமிராது என்பதால், முதல் மூன்று கூடை என்ன விலைக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டு, சராசரி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை சாயங்காலமே, மறுநாள் விலை என்னவாக இருக்கும் என்று ஒரு எண்ணை என்னிடம் சொல்லி டைப் அடிக்கச் சொல்வார். அதை உறையில் போட்டு, அரக்கு வைத்து, என் மேஜை இழுப்பறையில் பூட்டச் சொல்வார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து, எல்லோர் முன்னிலையிலும் உடைப்பார்.

"முன்னாடியே சொல்லி மாட்டிக்கணும். அதுதான் அறிவியல். நடந்தப்புறம் விளக்கம் சொல்றதுக்கு ஜோசியக்காரர் போதும்" என்பார்.

முதல் தடவை மாட்டிக்கொண்டதே பெரிய மாட்டல். வெள்ளிக்கிழமை ஜனங்கள் கவுச்சி தொட மாட்டார்கள், ஆகவே விலை சரியும் என்று எழுதியிருந்தார். மெட்ராசில் அவர் குடியிருந்த தெருவில் அப்படித்தானாம். இங்கேயோ வெள்ளிக்கிழமை கோயில்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஆட்டுக்கறி சாப்பிடக் கூடாதென்று மீனுக்குப் படையெடுப்பார்கள். விலை ஒன்றரை மடங்கு ஏறிப்போனது. அவர் உறையை உடைத்து, எண்ணைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு ஊரின் சாமி மாறினால் மீன் விலையும் மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்றுதான் முதல் காபி.

அவருடைய சமன்பாடு முதலில் அரை வரிதான் இருந்தது. எத்தனை கட்டுமரம், காற்று எப்படி, ஆட்டுக்கறி என்ன விலை, அவ்வளவுதான். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு எழுத்து சேர்ப்பார். கோயில்காரர் வெள்ளிக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று, புரட்டாசிக்கு ஒன்று, கோயில்காரர் நோன்பிருக்கும் தபசு காலத்துக்கு ஒன்று. இங்கிலீஷ் எழுத்து தீர்ந்து கிரேக்க எழுத்துக்குப் போனார். அதுவும் தீர்ந்து தமிழுக்கு வந்தார். என் மிஷினில் கிரேக்கமும் கிடையாது, தமிழும் கிடையாது. இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு பேனாவால் கோலம் போடுவது போல் ஒவ்வொன்றாக எழுதுவேன். சமன்பாடு மூன்று வரிக்கு வந்துவிட்டது.

ஒருமுறை சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், வீட்டில் கல்யாணம். இருந்த சங்கராவை எல்லாம் அவர்களே வாங்கிவிட்டார்கள். விலை எகிறியது. காபி வந்தது. கல்யாணத்துக்கு 'க' என்று ஒரு எழுத்து சேர்த்தார். அடுத்த மாதம் இன்னொரு சொல்தா வீட்டுக் கல்யாணம். 'க'வைப் போட்டு விலையை ஏற்றி எழுதினார். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் மரியாதை போதவில்லை என்று கோபித்துக்கொண்டு புறப்பட்டுப் போக, சமையலே நின்றுவிட்டது. வாங்கிய மீன் எல்லாம் திரும்பவும் கடற்கரைக்கு வந்து விலை விழுந்தது. இவர் நாற்காலியில் உட்கார முடியாமல் சிரித்தார்.

"இப்ப கோவத்துக்கு ஒரு எழுத்து போடணும். ஆனா யாரு, எப்ப, எதுக்குக் கோவிச்சுப்பாங்கன்னு யாரைப் போய்க் கேக்கறது?"

அவரிடம் தோல் உறையில் ஒரு ஸ்லைடு ரூல் இருந்தது. இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும், பெருக்கல் வகுத்தல் எல்லாம் அதிலேயே போடுவார். குப்பத்தில் அதை மீன் அளக்கிற கோல் என்றே நினைத்தார்கள். ஒருவர் பெரிய கொடுவா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இத்த அளந்து சொல்லு ஐயா" என்று நீட்டினார். இவர் மறுக்கவில்லை. மரியாதையாகக் குனிந்து, தலையிலிருந்து வால் வரை மூன்று தடவை அளந்து, ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் அந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. இப்படி ஒரு மனிதரைக் குப்பத்துக்குப் பிடிக்காமல் போகுமா?

வெகு நாள் கழித்து, எனக்குக் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை இருந்தபோது, என் பிறந்த வீட்டில் எத்தனை பெண், எத்தனை ஆண் என்று விசாரித்துவிட்டு, "பொண்ணுதான்" என்று எழுதி உறையில் போட்டு என் கணவரிடம் கொடுத்தார். பையன் பிறந்தான். செய்தி கேட்ட அரை மணியில் லட்டுப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். "பொண்ணுன்னு எழுதினேன், பையன்! பிரமாதம்!" என்று நர்சுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். தம்மைத் தோற்கடித்ததற்காக என் மகனுக்கு அவர் கடைசிவரை தனி மரியாதை கொடுத்தார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மேலதிகாரி வந்து நின்றார். மேலதிகாரிக்குக் காபி பிடிக்கும், தப்பு பிடிக்காது.

"இன்னும் எட்டு வாரம் பார்ப்பேன். அதுக்குள்ள உங்க கணக்கு சரியா வரலைன்னா இந்தப் பிரிவை மூடிட்டு உங்களை மெட்ராசுக்கே திருப்பி அனுப்பிடுவேன். மீன் விலையைச் சொல்ல முடியலைன்னா அப்புறம் எதுக்கு இத்தனை எழுத்து?"

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அத்தை அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள், சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை, ரொம்பச் சாதாரணமாக, "நாளைக்கி இன்னாடி எழுதியிருக்காரு உங்க ஐயா?" என்றாள். நானும் எண்ணைச் சொன்னேன். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாமல் சொன்னேன் என்றால் அது பொய். பாதி தெரிந்துதான் சொன்னேன். அவர் போய்விடக் கூடாது என்று எனக்கு ஆசை.

மறுநாள் முதல் மூன்று கூடையும் உறைக்குள் இருந்த எண்ணுக்கே போயின. அடுத்த வாரமும் போயின. அவற்றை எடுத்தவர்கள் மூவரும் எங்கள் உறவுக்காரிகள். அவர் நோட்டை மூடி, குடையை விரித்து, மணல்மேட்டைத் தாண்டின பிறகுதான் நிஜ ஏலம் தொடங்கும். அந்த மூன்று கூடைக்கும் வித்தியாசம் என்னவோ அதைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள்.

மேலதிகாரி முகத்தில் வெளிச்சம் வந்தது. அலுவலகத்தில் காபி நின்றுபோனது. அவர் சிரிப்பும் நின்றுபோனது. நாலாவது வாரம் கன்னம் ஒட்டிவிட்டது. "எங்கேயோ இடிக்குதும்மா. கடல் இவ்ளோ ஒழுங்கா இருக்காது" என்று திரும்பத் திரும்பக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். நான் மிஷினிலிருந்து தலை தூக்க மாட்டேன்.

ஆறாவது வாரம் கடல் கொந்தளிப்பு. ஏழு கட்டுமரம்தான் கரைக்கு வந்தது. விலை கன்னாபின்னாவென்று ஏற வேண்டிய நாள். உறையிலோ ரொம்பக் குறைந்த விலை. அப்படியே போயிற்று. சாயங்காலம் வெளுத்துப்போன முகத்தோடு காகிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"இங்க பாருங்க. பயங்கர அவசரத்துல போட்டேன், கூட்டல்ல தப்பு பண்ணியிருக்கேன். இந்த விலை என் கணக்குப்படியே வரக் கூடாத விலை. நான் தப்பா கூட்டினா கடலும் என் கூடச் சேர்ந்து தப்பா கூட்டுமா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. உறையைப் பூட்டிவைக்க என்னை நம்பிய மனிதர். சொன்னால் என் வேலை போகும், என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எட்டு வாரமும் சரியாக வந்தது. அடுத்த நாளே மேலதிகாரி ஒரு திட்டத்தை என் முன்னால் வைத்து டைப் அடிக்கச் சொன்னார். சமன்பாடு வந்துவிட்டபடியால் இனிக் கடற்கரையில் ஏலமே தேவையில்லை. வாரா வாரம் மீன் விலையை அரசாங்கமே முன்கூட்டி அறிவிக்கும். அந்த விலைக்கு ஒரே ஒப்பந்தக்காரர் எல்லா மீனையும் லாரியில் எடுத்துக்கொள்வார். இரண்டாவது பத்தியில் என் விரல் நின்றுவிட்டது. ஏலம் போனால் என் அத்தை போனாள். கூடை சுமந்து தெருத் தெருவாக விற்கிற அத்தனை பெண்களும் போனார்கள். ஒரு மனிதரைக் காப்பாற்ற மூன்று கூடை மீனில் பொய் சொன்னோம், அது குப்பத்தையே விழுங்க வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மத்தியானமே அரை நாள் லீவு போட்டுவிட்டு அத்தையிடம் ஓடினேன். திட்டத்தைக் கேட்டதும் அவள் மீன் கூடையைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"நாம நல்லதுக்குத்தானே செஞ்சோம்."

"அவரு தப்பானா சந்தோஷப்படற ஆளு அத்தை. அது உனக்குத் தெரியாதா?"

"இன்னாது, சந்தோஷமா? வெறும் வலையோட வர்றவன்கூடத்தான் கரையில எறங்கறப்ப சிரிச்சிகினு வருவான். அவமானத்த மறைக்கறாருன்னு இல்ல நெனச்சோம்? அந்தச் சிரிப்பப் பாத்துதான்டி எங்களுக்கு மனசு கேக்கல." பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "போ, போயி சொல்லிடு. வேல போனா போவுது. நான் சோறு போடறேன்" என்றாள்.

உடனே அலுவலகத்துக்குத் திரும்பினேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எட்டு வாரமுமா?"

"எட்டும் சார்."

"அந்தப் புயல் வாரத்துல, நான் போனப்புறம் நெஜ விலை என்ன?"

"நீங்க எழுதினதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல சார்."

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நான் எட்டு வாரமாகக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அப்பாடா! ரெண்டு மாசமா எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துட்டேம்மா" என்றார். வெளியே சிரிப்பைக் கேட்ட பியூன், யாரும் சொல்லாமலே காபிக்குப் போய்விட்டார். சிரிப்பு அடங்கின பிறகு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "நான் விலையைக் கேட்டேன். அவங்க என் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்லியிருக்காங்க."

அன்றே மேலதிகாரியின் அறைக்குப் போனார். பாதிக் கதவு, உள்ளே பேசுவது எல்லாம் என் இடத்துக்குக் கேட்கும்.

"இது ஒரு விஷயமா? இனிமே அவங்களுக்குத் தெரியாம வெச்சிக்கோங்க" என்றார் மேலதிகாரி.

"தெரியாம எப்படி சார்? நீங்க விலையை அறிவிக்கத்தானே போறீங்க? நாளைக்கு காத்தடிக்கும்னு நான் எழுதினா, காத்து என் காகிதத்தைப் படிச்சிட்டு மனசை மாத்திக்காது. இவங்க மாத்திப்பாங்க. பிரியம் இருந்தா ஒரு மாதிரி, கோவம் இருந்தா வேற மாதிரி. அந்த விலை கட்டாதுன்னா கட்டுமரத்தை வேற கரையில ஏத்திடுவாங்க. அதுக்கு என்கிட்ட எழுத்து இல்லை சார். யார்கிட்டயும் இல்லை."

"படிக்காத ஜனங்க, அவங்களுக்கு உறைக்குள்ள இருக்கிறது எப்படிப் போச்சு? யார் சொன்னது?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதற்குள் அவர் குரல் வந்தது.

"நான்தான் சார். எனக்கு வாய் சும்மா இருக்காது. கடற்கரையில நின்னு சத்தமா கணக்கு போடுவேன். என் கவனக்குறைவு. அப்படியே எழுதிக் கொடுத்துடறேன்."

எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். அவருடைய அறிக்கையில் சமன்பாடு இருந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில், எட்டு வாரத்து விலையும் மக்கள் தமக்குக் காட்டிய மரியாதை, அவற்றை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம் என்று இரண்டே வாக்கியம். எனக்குக் கண் மறைத்து மறைத்து இரண்டு தாள் வீணாயிற்று. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒருவேளை அவர் வேலை தப்பியிருக்கும். அந்த யோசனையே அவருக்கு வரவில்லை. எத்தனையோ நல்லவர்களைப் பார்த்துவிட்டேன், அவர் அளவுக்கு எனக்கு யார்மேலும் நன்றி இல்லை.

திட்டம் நின்றது. பிரிவை மூடினார்கள். மெட்ராசுக்குப் போகாமல் ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்துகொண்டார். ஏன் சார் போகலை என்றதற்கு, "அங்கயும் கடல் இருக்கு. ஆனா என்னை ஏமாத்தறதுக்கு அங்க இத்தனை பேர் மெனக்கெட மாட்டாங்களே" என்றார்.

அவர் வேலை போன அடுத்த வெள்ளிக்கிழமை காலை, அவர் கையில் குடை மட்டும் இருந்தது, நோட்டும் ஸ்லைடு ரூலும் இல்லை. வந்து ஏலத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். சங்கராக் கூடை ஒன்றைக் கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொடுத்துடுக்கா, பாவம்" என்றாள் ஒருத்தி. அத்தை காதில் வாங்கவில்லை. விலையை ஏற்றிக்கொண்டே போனாள். கோயில்காரர் வீட்டுச் சமையல்காரர் ஒருவர் போட்டிக்குக் கேட்டு, ஓர் அளவுக்கு மேல் கையை உதறிவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகும் அத்தை யாரோ கேட்பது போல் கூட்டத்தைப் பார்த்து இரண்டு தடவை ஏற்றினாள். எதிரே ஆளே இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு தடவையும் ஏற்றிக் கேட்டார். அன்றைக்கு அந்தக் கரையில் அந்த விலைக்கு வேறு கூடை போகவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீன் தண்ணீர் வெள்ளைச் சட்டையில் வழிய வழியக் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து, "உனக்கு மனசாட்சி இருக்கா? அவருகிட்டயா இப்படி?" என்றேன்.

அவள் அடுத்த கூடையை முன்னால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "பாவம் பாத்து அந்த மனுசனுக்கு இருந்த வேலயத் தொலச்சது போதும்டி."